சுங்கை சிப்புட்டுக்கு எது வேண்டும்: கவுண்டரா, வேனா, ஆளா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிறது எங்கள் சுங்கை சிப்புட். சனிக்கிழமை காலையில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு விண்ணப்பப் பாரம் நிரப்பித் தருகிறோம். வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். மழையில் நனையாமல் இரண்டு சுற்றுச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டது. பிரித்தால் ஐசி என்கிற அடையாளக் கார்டின் ஜெராக்ஸ் ஏழெட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கரண்ட் பில், ஆஸ்பத்திரி அட்டை, நான்காக மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன சம்பளச் சீட்டு. எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பார்கள் என்று தெரியாததால், எல்லாவற்றையும் எப்போதும் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

அந்தப் பையை ஒரே ஆள் உட்கார்ந்து முழுக்கப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதற்கு எந்த ஏற்பாடு சரிப்படும் என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு முடியவில்லை. அடுத்த மாதம் சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்களைக் கூட்டி, எங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதியான ஒய்பியிடம் கொடுக்க ஒரு மனு தயாரிக்கப் போகிறோம். சமூகநல உதவியும் வேலை தேடித் தரும் சேவையும் சேர்ந்தே இங்கு வர வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே எண்ணம். டவுனில் ஒரே கூரையின் கீழ் நிரந்தரக் கவுண்டர் கேட்பதா, மாதம் ஒருமுறை தோட்டத்துக்கே வரும் வேன் கேட்பதா, இரண்டு பக்கத்து விவரமும் தெரிந்த ஓர் ஆளை இங்கேயே சம்பளத்துக்கு வைக்கச் சொல்லிக் கேட்பதா? மூன்றையும் கேட்கலாமே என்றார் ஒருவர். மூன்றையும் கேட்டால் எதுவும் கிடைக்காது என்பது என் அனுபவம்.

இரண்டும் ஏன் சேர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் சின்னம்மா மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவள் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை செய்தாள். விடியற்காலையில் தோட்டத்து முச்சந்தியில் ஃபேக்டரி பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். ஆட்குறைப்பு வந்தது, வேலை போனது. லாரியில் உதவியாளாக ஓடிக்கொண்டிருந்த அவள் கணவருக்கு அதற்கு முந்தின வருஷமே பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில். உதவி கேட்டு ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பாரம் கொடுத்தார், என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். ஒரு தாள் குறைந்ததால் மறுபடி போனாள், வங்கிக் கணக்குக்காக இன்னொரு முறை போனாள். எங்கள் மேசைக்கு அவள் வந்து சேர்ந்தபோது வேலை போய் எழுபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

சம்பளச் சீட்டை விரித்துப் பார்த்தேன். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பிடித்தத்துக்குக் கீழே தனியாக ஒரு சின்னத் தொகை, மாதாமாதம். அது வேலையிழப்புக் காப்புறுதிப் பணம். 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திட்டம் அது. முதலாளி 0.2 விழுக்காடு, தொழிலாளி 0.2 விழுக்காடு. ஆட்குறைப்பில் வேலை போனால், சந்தா போதுமான அளவு இருந்தால், வேலை தேடும் காலத்துக்கு 6 மாதம் வரை படி உண்டு. முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, மூன்றாவதும் நான்காவதும் 40, கடைசி இரண்டும் 30 என்று வகுத்திருந்தார்கள். 1,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளக்காரருக்கு 6 மாதமும் கிடைத்தால் மொத்தம் ஏறக்குறைய 4,590 வெள்ளி. ஆனால் வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த 60 நாளை அவள் இன்னொரு கவுண்டரின் வரிசையில் கழித்திருந்தாள்.

கணவர் விஷயமும் அதேபோலத்தான். சொக்சோ என்றால் விபத்துக்கு என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். 60 வயதுக்கு முன் நோயால் வேலை செய்ய முடியாமல் போனாலும், சந்தா தகுதி இருந்தால், இயலாமை ஓய்வூதியம் கேட்கலாம். அவர் சந்தா கட்டியவர். மாற்றுத்திறனாளி உதவிக்காக ஒரு பாரம் நிரப்பியிருந்தார்கள், சொக்சோ பக்கம் யாரும் கை காட்டவில்லை. அந்தக் கவுண்டர் ஊழியரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் முன்னால் இருந்த பாரத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

எதிர்ப்பக்கமும் இதே ஓட்டைதான். வேலைவாய்ப்புக் கண்காட்சி நடக்கும், பெயர் பதிவார்கள், மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் விவரம் ஏற்றுவார்கள். இரண்டு வாரம் கழித்து வேலை என்று அழைப்பு வரும்போது பெயர் பதிந்த அக்கா போகமாட்டார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு மதியச் சோறு ஊட்ட ஆள் இல்லை. முன்பு தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது, கைக்குழந்தையை விட்டுவிட்டு அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தைக் காலி செய்து, தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்தபோது அந்தக் கொட்டகை கூட வரவில்லை. வேலை பார்த்துத் தருபவருக்கு இது வீட்டுப் பிரச்சினை, உதவி தருபவருக்கு அது வேலைப் பிரச்சினை. ஒரே பெண்ணின் தலையில் இரண்டும் இருக்கிறது.

அப்புறம் இன்னொரு பயம் உண்டு, மேசையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: 'பொண்ணு வேலைக்குப் போனா எனக்கு வர்ற காசு நின்னுடுமா?' முதியோர் உதவி 2025-இல் 500 வெள்ளியிலிருந்து 600 ஆனது. ஒரு தாத்தாவுக்கு அந்த 600 என்ன என்று கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வோர் உதவிக்கும் தனித் தகுதி, தனி மறுபரிசீலனை. எது நிற்கும், எது நிற்காது, எப்போது நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஆள் இல்லாததால், நிச்சயமில்லாத 1,700-ஐ விட நிச்சயமான 600 மேல் என்று பேத்தியை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுகிறார்கள். இது சோம்பேறித்தனம் என்று நம்மவர்களே பேசும்போது எனக்குப் பொறுக்காது. இத்தனைக்கும் வேலையிழப்புக் காப்புறுதியில், சீக்கிரம் வேலைக்குப் போனவருக்கு மீதிப் படியில் 25 விழுக்காட்டை மொத்தமாகத் தரும் ஏற்பாடு இருக்கிறது. வேலைக்குப் போனால் லாபம் என்பது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. உதவிப் பக்கத்தில் அதே கணக்கை எடுத்துச் சொல்ல ஒரு வாய் வேண்டும்.

இரண்டும் பிரிந்து கிடப்பதற்குப் பழைய காரணம் உண்டு. சமூகநல இலாகா 1946-இல் போருக்குப் பிந்திய பஞ்சத்தில் தொடங்கியது, இன்று மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் கீழ். சொக்சோ 1971-இல் தொழிலாளிகளின் சந்தாவில் தொடங்கியது, மனிதவள அமைச்சின் கீழ். ஏழைக் குடும்பங்களின் பெயர்ப்பட்டியலான இகாசே இன்னோர் இடத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த 'பாடு' என்ற தேசியத் தரவுத்தளத்தில் பெயர் பதியச் சொன்னார்கள், எங்கள் மேசையிலும் வரிசை கட்டிப் பதிந்தோம். தரவு மேலே சேரட்டும், நல்லதுதான். கீழே, பையைத் திறக்கிற இடத்தில், இன்னும் சேரவில்லை.

தோட்டத்துக்கென்று கூடுதலாக ஒரு சிக்கலும் இருக்கிறது. தோட்டம் தனியார் நிலம். கம்பம் என்கிற கிராமத்துக்கு வரும் சாலை, மண்டபம், மேம்பாட்டுக் குழு எல்லாம் பல காலம் தோட்ட வாசலோடு நின்றுவிட்டன.

சரி, இப்போது கவுண்டர்.

டவுனில் ஒரே கூரையின் கீழ் எல்லாம் வேண்டும் என்று கேட்பவர்கள், பல அரசாங்கச் சேவைகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் யூடிசி மையத்தைக் காட்டுகிறார்கள். 2012-இல் மலாக்காவில் முதல் யூடிசி திறந்தது, இப்போது ஈப்போவிலும் பெரிய மார்க்கெட் பக்கம் இருக்கிறது. கிராமப்புறத்துக்கென்று கோப்பெங்கில் ஆர்டிசி இருக்கிறது. நம் ஊரோ கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்ட அலுவலக வேலை என்றால் வடக்கே கோலகங்சார், மற்றதற்குத் தெற்கே 30 கிலோமீட்டர் போல ஈப்போ. ஒரு குடும்பம் இரண்டு திசையில் அலைகிறது. இடிஎஸ் ரயில் நிற்கும் டவுன்தான், ஆனால் தோட்டத்திலிருந்து ஸ்டேஷன் வரை வர மோட்டார் வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, வாரம் ஆறு நாள் வேலைக்கு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. மூன்று நாள் அலைந்தால் 196 வெள்ளி, பஸ் காசும் சாப்பாடும் தனி. டவுனிலேயே கவுண்டர் வந்தால் இதில் பெரும்பகுதி மிச்சமாகும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கட்டடம் என்று ஒன்று வந்துவிட்டால் அதை எளிதில் எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. இந்தக் கட்சிக்காரர்கள் சொல்வதில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் அதுதான்.

ஆனால் கூரை ஒன்றானால் வேலை ஒன்றாகிவிடுமா? நார்வே நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். வேலைவாய்ப்பு அலுவலகம், காப்புறுதி, நகராட்சியின் சமூக உதவி மூன்றையும் 2006-இலிருந்து நாவ் என்ற ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்து, சில ஆண்டுகளில் ஒவ்வொரு நகராட்சியிலும் ஓர் அலுவலகம் திறந்தார்கள். பணக்கார நாடு, படித்த ஊழியர்கள். அப்படியும் தொடக்க ஆண்டுகளில் வேலைக்குத் திரும்புவோர் கூடவில்லை, சற்றுக் குறையவே செய்தார்கள் என்று ஆய்வுகள் காட்டின. ஊழியர்கள் அமைப்பை மாற்றும் வேலையிலேயே மூழ்கிப்போனார்கள். சிறிய ஊர் அலுவலகங்களில் இரண்டு மூன்று பேரே எல்லா விதியும் தெரிந்தவர்களாக இருக்க வேண்டியிருந்தது. அது முடியாமல் பின்னால் சிறிய அலுவலகங்கள் பலவற்றை இணைத்தார்கள். சுங்கை சிப்புட் அளவு ஊருக்கு இது நேரடியான எச்சரிக்கை. இங்கே ஒரு கட்டடம் திறந்தால், இடது பக்கம் ஒரு கண்ணாடி, வலது பக்கம் ஒரு கண்ணாடி, நடுவில் நம்பர் சீட்டு எடுக்கும் மெஷின் என்றுதான் முடியும். என் சின்னம்மா மகள் இடது பக்கம் மட்டும் போய்விட்டுத் திரும்பியிருப்பாள்.

வேன் கட்சியின் வாதம் எளிது: வர முடியாதவர்களிடம் போ. அடையாளக் கார்டுக்குத் தேசியப் பதிவு இலாகா இதைச் செய்கிறது. படுத்த படுக்கையாய் இருப்பவர் வீட்டுக்கே மெக்கார் திட்டத்தில் வந்து கைரேகை எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் தூரத்து ஊர்களுக்கு அரசாங்க லாரியே அலுவலகமாகப் போகிறது. நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. இங்கிருந்து கிளம்பி அமைச்சரான துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த்தான் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். ஆபீசில் உட்கார்ந்து வரச் சொல்லியிருந்தால் அந்தச் சங்கம் எழுந்திருக்காது.

வேனில் எனக்குள்ள முதல் கவலை நேரம். செம்பனைத் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு, அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பார்கள். பத்து மணிக்கு வேன் வந்து நின்றால், குலை வெட்டுகிறவரும் உதிரி பொறுக்குகிறவரும் காட்டுக்குள் இருப்பார்கள். ஃபேக்டரிக்காரர்கள் பஸ் ஏறிப் போயிருப்பார்கள். லயத்து வாசலில் தாத்தா பாட்டிகள்தான். அவர்களுக்கு உதவி கிடைப்பது பெரிய காரியம், மறுக்கவில்லை. வேலை தேடுகிறவர் வேனைப் பார்க்கவே மாட்டார்.

இரண்டாவது கவலை தொடர்ச்சி. பாரம் வாங்கிக்கொண்டு போன அதிகாரி அடுத்த மாதம் வரமாட்டார், வேறொருவர் வருவார். 'போன தடவை கொடுத்தேனே ஐயா' என்றால், கிணற்றில் போட்ட கல்தான். வேலை விஷயத்தில் ஒரு மாதம் என்பது நீண்ட காலம். இன்று காலியாக இருக்கும் இடம் அடுத்த வாரம் இருக்காது. அந்த 60 நாள் கெடு, மாதத்துக்கு ஒருமுறை வரும் வேனுக்காகக் காத்திருக்காது.

எல்லாம் கைப்பேசியில் செய்யலாமே என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். பணம் போடுவதற்கு அது நன்றாகவே நடக்கிறது. அத்தியாவசியப் பொருள் வாங்கத் தரும் சாரா உதவி, அடையாளக் கார்டான மைகார்டிலேயே ஏறி, கடையில் தட்டினால் அரிசி வாங்க முடிகிறது. அதற்கு ஒரு கவுண்டரும் தேவைப்படவில்லை. ஆனால் பக்கவாதம் வந்த கணவருக்கு எந்தத் திட்டம் என்று எந்தச் செயலியும் கேட்டுச் சொல்லவில்லை. சில இடங்களில் நாடி என்கிற பொது இணைய மையங்கள் இருக்கின்றன, கணினியும் இணையமும் உண்டு. அந்தக் கணினிக்குப் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பதுதான் என் கேள்வி.

அதனால்தான் நான் ஆள் கட்சி.

சிலி நாட்டில் 2002-இல் புவெந்தே என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அவர்களின் ஸ்பானிய மொழியில் அதற்குப் பாலம் என்று அர்த்தம். மிக ஏழைக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை ஊழியர். 24 மாதத்தில் 21 முறை வீட்டுக்கே போவார். ஆவணம், சுகாதாரம், பள்ளி, வீடு, வேலை என்று 53 அம்சங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தொடக்கத்தில் அடிக்கடி போவார், பின்னால் இடைவெளி விட்டுப் போவார். குடும்பங்களுக்குத் தகுதியான உதவிகள் போய்ச் சேர்வது கூடியது. வேலையிலும் வருமானத்திலும் அவ்வளவு பெரிய மாற்றம் தெரியவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஊழியர் கதவைத் தட்டிவிட்டார், கதவுக்கு வெளியே வேலை இருந்தால்தானே கூட்டிப்போக முடியும்? நமக்கு அந்த விஷயத்தில் கொஞ்சம் வசதி இருக்கிறது. ஊரிலேயே சமூகக் கல்லூரி இருக்கிறது, குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. ஈப்போவில் தொழில்பயிற்சிக் கழகம் இருக்கிறது. ஃபேக்டரி பஸ்கள் ஓடுகின்றன. சமூகநல இலாகாவிலேயே சிறுதொழில் தொடங்க 2,700 வெள்ளி வரை மானியம் உண்டு. இந்த நூல்களை ஒரே கையில் பிடித்து முடிச்சுப் போட ஆள் இல்லை என்பதுதான் குறை.

ஆளை வைப்பதில் ஆபத்து இல்லையா? நிறைய இருக்கிறது. கட்சிக்காரர் ஒருவரின் தம்பிக்கு அந்த வேலை போகலாம். ஓட்டுப் போட்டவனுக்கு ஒரு வழி, போடாதவனுக்கு ஒரு வழி என்று ஆகலாம். பாரத்துக்குப் பத்து வெள்ளி என்று கை நீட்டலாம். இது சின்ன ஊர், இந்த வீட்டுக் கஷ்டம் அடுத்த வீட்டுத் தேத்தண்ணியோடு போய்ச் சேர்ந்துவிடும். குடிகாரக் கணவனைப் பற்றியும் வீட்டை விட்டுப் போன மகளைப் பற்றியும் தெரிந்தவர் முன்னால் பேச ஒரு பெண் தயங்குவாள். எங்கள் மேசைக்கே வராமல் ஈப்போவுக்குப் போய்ப் பாரம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அது தவறில்லை. அந்தக் கதவும் திறந்தே இருக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து என்பது இன்னொரு கேள்வி. இந்திய சமூக மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவிடம் கேட்கலாம் என்றார்கள். மித்ரா மானியம் ஆண்டுக்காண்டு வருவது. ஓர் ஆண்டு ஆள் வைத்து, ஜனங்கள் நம்பி வரத் தொடங்கும்போது மேசையை மடித்துக்கொண்டு போனால், ஆள் வைக்காமல் இருந்ததே மேல் என்று ஆகிவிடும். இந்திய சமூகத்துக்கு மட்டும் என்று வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் தாமானில் மலாய்க்காரக் குடும்பங்களும் இருக்கின்றன, கொஞ்சத் தூரத்தில் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி கம்பங்கள் இருக்கின்றன. பை எல்லார் கையிலும் ஒன்றுதான். சம்பளம் இரண்டு இலாகாக்களில் ஒன்றின் நிரந்தர ஒதுக்கீட்டிலிருந்து வர வேண்டும், குறைந்தது மூன்று ஆண்டுக்கு எழுத்தில் வேண்டும்.

ஒப்பந்த ஆட்கள் விஷயத்தில் ஆளாலும் முழுசாக ஒன்றும் செய்ய முடியாது. கொந்தராக்காரரிடம் வேலை செய்து, சொக்சோ பிடித்தமே இல்லாத நிறையப் பேர் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலையிழப்புப் படி கிடையாது. தவணை குறித்த ஒப்பந்தம் முடிந்து வேலை நின்றாலும் கிடையாது. ஆனால் பையைப் பார்க்கிற ஆள் ஒருவர் இருந்தால், வேலை போவதற்கு முன்பே சம்பளச் சீட்டில் பிடித்தம் இல்லை என்று கண்டுபிடித்துத் தொழிலாளர் இலாகாவுக்குக் கொண்டுபோகலாம். வேனாலும் கவுண்டராலும் அதைச் செய்ய முடியாது, ஏனென்றால் வேலையில் இருக்கும்போது யாரும் அங்கே போவதில்லை.

மனுவின் வரைவை நான் இப்படி எழுதி வைத்திருக்கிறேன், கூட்டத்தில் திருத்திக்கொள்ளலாம். இரண்டு பக்கத்துத் திட்டங்களிலும் பயிற்சி பெற்ற, தமிழும் மலாயும் பேசும் முழுநேர ஊழியர் ஒருவர், இயன்றால் ஒரு பெண்ணும் ஓர் ஆணும். குடும்பத்துக்கு ஒரே கோப்பு. இரண்டு இலாகாவின் அதிகாரிகளும் மாதத்தில் நிச்சயிக்கப்பட்ட ஒரே நாளில், மாலை 4 மணிக்கு மேல், ஒன்றாக வந்து உட்கார்ந்து அந்தக் கோப்புகளில் முடிவு சொல்ல வேண்டும். படுக்கையில் இருப்பவர் வீட்டுக்கு ஊழியரே மோட்டாரில் போவார். தோட்ட நிர்வாகம் உள்ளே விடுவதற்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வேண்டும். கட்டடம் கேட்கவில்லை. பள்ளி மண்டபமோ பொது மண்டபமோ போதும். கோயில் வேண்டாம் என்று நானே எழுதியிருக்கிறேன், எல்லா இனத்தவரும் தயங்காமல் வர வேண்டும் என்பதற்காக. இரண்டு ஆண்டு இது நடந்து, வருகிறவர்கள் எண்ணிக்கை கையில் இருந்தால், அப்போது கவுண்டரைக் கேட்போம்.

கவுண்டர் கட்சி நண்பர் இதைப் படித்துவிட்டு, ஆள் மாறிப்போனால் என்ன செய்வாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கோப்பு ஊழியரின் நோட்டுப் புத்தகத்தில் இல்லாமல் இலாகாவின் கணினியில் இருக்க வேண்டும், ஒரு நகல் குடும்பத்தின் பையிலும் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

என் சின்னம்மா மகள் இப்போது ஒரு கேண்டீனில் அரைநாள் வேலை பார்க்கிறாள். கணவரின் ஓய்வூதிய விண்ணப்பத்தைப் போட்டாயிற்று, மருத்துவக் குழுவின் அழைப்புக்குக் காத்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு அவளும் வருகிறாள். வருகிற எல்லாரும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள். சொக்சோ பிடித்தம் இருக்கிறதா இல்லையா என்று அன்றைக்கே உட்கார்ந்து பார்த்துவிடலாம்.